முழங்கைக்கு அடியில் ஒரு காட்டேரி

திருத்தணியில் என் நாவலைப் படிக்கிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை குறைகிறது என்று ஒரு பேச்சு.

எனக்கு இதைத் தொலைபேசியில் சொன்னவர் கஜபதி, என் பதிப்பாளர். அவர் இரண்டே காரணங்களுக்காகத்தான் என்னை அழைப்பார். கிடங்குக்குள் மழைத்தண்ணீர் புகுந்து என் புத்தகம் நனைந்துவிட்டது என்று சொல்வதற்கு. அல்லது, மழைத்தண்ணீர் புகுந்தும் என் புத்தகம் நனையாமல் அப்படியே இருக்கிறது என்று வருத்தப்படுவதற்கு. இந்த முறை குரலில் ஒரு பணிவு தெரிந்தது. பயந்துபோனேன்.

“என் மச்சான் திருத்தணியில ஒரு லேபுக்குப் போயிருந்தான் சார். அங்க சுகர் டெஸ்ட்டுக்குக் காத்துகினு இருக்கிறவங்க அத்தினி பேரும் உங்க புக்கைத்தான் படிச்சிகினு இருக்காங்களாம். படிச்சவங்களுக்கு சுகர் எறங்குதாம்.”

வேறொரு எழுத்தாளராக இருந்தால் “அதெப்படி?” என்று கேட்டிருப்பார். நான், “எவ்வளவு இறங்குது?” என்று கேட்டேன்.

“அறுபது, எழுபதுன்றான். ரெண்டாம் பதிப்பு போட்டுறலாமா?”

அந்த நாவலைப் பற்றி நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாரும் சொல்லப்போவதில்லை. பெயர் ‘சாப்பாட்டுக்கு முன்’. நானூற்று எண்பத்திரண்டு பக்கம். கதாநாயகன் ஒரு ரத்தக் காட்டேரி. வௌவாலாக மாறமாட்டான், சவப்பெட்டிக்குள் படுக்கமாட்டான். பெரம்பூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மின்சார ரயிலில் அலுவலகம் போய்வருகிறான். இருநூறு வருஷமாக நம் ஊர்க்காரர்களின் ரத்தத்தைக் குடித்துக் குடித்து அவனுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதுதான் கதை. யாரைக் கடிப்பதற்கு முன்னாலும் அவன் அனுமதி கேட்பான். ஒரு இடத்தில் முப்பத்துநான்கு பக்கம் அனுமதி கேட்கிறான். இரண்டு வருஷத்தில் அறுபத்தொரு பிரதி விற்றது. மதிப்புரை என்று ஒன்றே ஒன்று வந்தது, நான்கு வரி. அதில் மூன்று வரி அட்டைப்படத்தைப் பற்றி.

அப்படிப்பட்ட புத்தகத்துக்குத் திருத்தணியில் ஒரு கூட்டமே வாசகர்கள் என்றால், சும்மா இருக்க முடியுமா? சனிக்கிழமை முதல் ரயிலைப் பிடித்தேன். மாறுவேடத்தில் நகர்வலம் போகும் ராஜாவைப் போல ஒரு சாதாரண நோயாளியாகப் போய் உட்காருவது என் திட்டம். அதற்காக டீ கூடக் குடிக்கவில்லை. சட்டைப்பையில் மட்டும் இரண்டு பேனா. கையெழுத்துக் கேட்டு நெருக்கினால் ஒன்றில் மை தீர்ந்துவிடலாம் அல்லவா?

லேப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. மலையிலிருந்து மொட்டைத்தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்குகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். லேபின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். உள்ளே ரத்தம் எடுக்கும் மேஜையில் ஒரு அம்மாள். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கண்ணாடி நெற்றிக்கு மேலே. மேஜையின் ஓரத்தில் ‘அனுசுயா’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

“பேரு?”

“பிரகாஷ்,” என்றேன். வாயில் வந்த பெயர்.

பிளாஸ்டிக் உறை போட்ட ஏதோ ஒன்றின் மேல் என் முழங்கையை வைத்தார். மெத்தென்று, சரியான உயரத்தில் இருந்தது. “இங்க பாக்காதீங்க, அந்தப் பக்கம் பாருங்க,” என்றார். பார்க்காதே என்றால் பார்க்கத்தானே தோன்றும்? உறைக்குள்ளிருந்து ஒரு பக்கத்தின் மேல் ஓரம் தெரிந்தது. ‘சாப்பாட்டுக்கு முன் / 211’.

என் முழங்கை என் நாவலின் மேல் இருந்தது.

“இது என்ன புக்கும்மா?” என்று கேட்டேன்.

“அது காட்டேரி புக்கு சார். அஞ்சு பாகமாப் பிரிச்சு வெச்சிருக்கேன். நாலு பாகம் வெளிய ஓடிகினு இருக்கு. இந்த மூணாம் பாகத்தை மட்டும் யாரும் தொடறதில்ல. அதான் கைக்கு வெச்சிகினேன்.”

“ஏன் தொடறதில்லை?”

“இதுல யாருமே வர்றதில்ல சார். காலம், காலம்னு ஒருத்தர் தனியாப் பேசிகினே இருக்கார்.”

அந்த ‘ஒருத்தர்’ நான்தான். அந்தப் பகுதியை எழுத எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதைச் சொல்வதா என்று யோசிப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. காட்டேரியைப் பற்றி நானூற்று எண்பத்திரண்டு பக்கம் எழுதியவன், தன்னுடைய சொந்த ரத்தம் இரண்டு மில்லி டியூபுக்குள் ஏறுவதைப் பார்த்தான். சுவர், காலண்டர், மின்விசிறி எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

“மூச்சு விடுங்க சார். விட்டாச்சா? இப்ப உள்ள இழுங்க. ஆங், அவ்ளோதான்.”

நான் நிமிர்ந்து உட்காரும்போது லேப் உரிமையாளர் கண்ணையன் உள்ளே வந்தார். என்னை ஒரு ஆளாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை.

“அனுசுயா, இன்னிக்கு சனிக்கிழமை.”

“தெரியும் சார்.”

“ஷோபனா டாக்டர் மறுபடியும் போன் பண்ணாங்க. வெறும் வயித்து ரிப்போர்ட் எப்பவும்போல வருதாம். சாப்பாட்டுக்குப் பின்னாடி எடுக்கிறது மட்டும் எறங்கி எறங்கி வருதாம், அதுவும் நம்ம லேப்ல மட்டும். மிஷின் கோளாறா, ஆள் கோளாறான்னு கேக்குறாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வேற லேபுக்கு எழுதிக் குடுக்கப் போறாங்களாம்.”

“மிஷினை ரெண்டு தடவை பாத்தாச்சு சார். கெமிக்கல் மாத்திட்டேன். டியூப்கூட வேற பாக்ஸ் ஒடச்சிருக்கேன்.”

“அப்ப ஆள்தான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும். இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து ஊசியை வேற பொண்ணு புடிக்கட்டும். நீ உள்ள உக்காந்து ரிப்போர்ட் டைப் அடி.”

அவர் போய்விட்டார். அனுசுயா என் கையில் பஞ்சை வைத்து, முழங்கையை மடக்கிவிட்டார். சற்று அழுத்தமாகவே மடக்கினார்.

“போய் சாப்ட்டு வந்துடுங்க சார். மொத வாய் வைக்கிற நேரத்தைப் பாத்துக்கோங்க. அதுலேர்ந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும்.”

எதிரே இருந்த டிபன் கடையில் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தவர் பங்காரு. எனக்குச் சற்று முன்னால் ரத்தம் கொடுத்தவர். பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறவர், வயது அறுபத்தாறு. மாதம் ஒரு தடவை முதல் பஸ்ஸில் வருகிறார். வீட்டில் அவருக்கு வடை கிடையாது. ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று டாக்டரே எழுதியிருப்பதால், டெஸ்ட்டு அன்றைக்கு வடை தின்பது மருத்துவத்தில் சேர்ந்தது என்பது அவருடைய கட்சி. இட்லியைப் பிட்டு முதல் வாய் வைத்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபது.

திரும்பி வரும் வழியில் அவர் என் தோளைத் தட்டினார்.

“உள்ள போனதும் எப்ப சாப்ட்டேன்னு அனுசுயா கேக்கும். எட்டுன்னு சொல்லு நைனா.”

“ஏழு இருபதுக்கே சாப்பிட்டோமே?”

“ஏழு இருபதுன்னா ஒம்போது இருபதுக்குக் கூப்ட்டுடும். ரத்தம் குடுத்துட்டா புக்கைத் திருப்பிக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடணும், அதான் அங்க ரூல். நான் இப்பத்தான் நாலாம் பாகத்துக்கு வந்துகினு இருக்கேன். நடுவுல வுட்டுட்டுப் போனா ஒரு மாசம் காத்துகினு கெடக்கணும். நாங்க எல்லாருமே அப்டித்தான் சொல்றோம். ஒரு முக்கா மணி நேரம் முன்ன பின்ன, இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?”

சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை, நேரம் போகப்போகத் தானாக இறங்கும். இரண்டு மணி நேரத்தில் எடுக்க வேண்டியதை இரண்டே முக்காலில் எடுத்தால் குறைந்துதான் காட்டும். என் எழுத்து நடைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டருக்குப் புரியாதது, கண்ணையனுக்குப் புரியாதது, இரண்டு தடவை மிஷினைப் பிரித்துப் பார்த்த அனுசுயாவுக்குப் புரியாதது, வடை வாசனையோடு அந்தத் தெருவில் என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

யோக்கியமான மனிதனாக இருந்தால் நேராக உள்ளே போய்ச் சொல்லியிருப்பான். எனக்கோ வேறொன்று தோன்றியது. பள்ளிப்பட்டிலிருந்து வருகிற ஒரு மனிதர், முக்கால் மணி நேரம் கூடுதலாக என்னோடு இருப்பதற்காகப் பொய் சொல்கிறார். என் மனைவிகூட அப்படிச் செய்ததில்லை. அந்த நேரம் பார்த்து கஜபதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டாம் பதிப்பின் அட்டை. என் பெயர் சின்னதாக. அதற்கு மேல் சிவப்பில், ‘சர்க்கரையைக் குறைக்கும் நாவல்!’

“எப்ப சாப்ட்டீங்க சார்?” என்றார் அனுசுயா.

“எட்டு,” என்றேன்.

குறித்துக்கொண்டார். என் கையில் முதல் பாகத்தைக் கொடுத்தார்.

காத்திருக்கும் அறையில் ஏழெட்டு நாற்காலி, ஒரு ஏசி. சொந்தப் புத்தகத்தை முன்பின் தெரியாதவனைப் போலப் பிரித்தேன். ஓரங்களில் பென்சில் எழுத்து. முதல் பக்கத்திலேயே ‘மெதுவாகப் போகிறது, பொறுக்கவும்’ என்று ஒருவர் பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை எழுதியிருந்தார். பதினேழாம் பக்கத்தில், நான் அழகென்று நினைத்த ஒரு வருணனைக்குப் பக்கத்தில், ‘பஸ் எத்தனை மணிக்கு?’ என்று இருந்தது.

எதிரே கௌரியம்மாள். திருவாலங்காட்டில் நிலம் வைத்திருக்கிறவர். கையில் இரண்டாம் பாகம். அன்று கிருத்திகை விரதம் என்பதால் வெறும் வயிற்று ரத்தத்தைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய், பஞ்சாமிர்தம் சாப்பிட்டுத்தான் விரதத்தை முடித்திருந்தார். முருகன் கொடுத்தது சுகரில் சேராது என்று அனுசுயாவிடம் சண்டை போட்டு ஓய்ந்திருந்தார்.

“புக்கு எப்படிம்மா?” என்று கேட்டேன். சும்மா கேட்பதைப் போல.

“நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா அந்தப் புள்ளைக்கு இருநூறு வயசாவுது, ஒரு கல்யாணம் பண்ணி வெச்சானா பாரு, படுபாவி! பொண்டாட்டி இருந்தா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் குடுத்திருப்பா.”

“கல்யாணம் பண்ணா கதை ஏது?” என்றார் பங்காரு, நாலாம் பாகத்திலிருந்து தலையை எடுக்காமல். “எனக்கு அது இல்ல ரோதனை. காட்டேரின்னா ஒரு கெத்து வேணாமா? இவன் இன்னாடான்னா, கடிக்கலாமா, கடிக்கலாமான்னு கேட்டுகினே கெடக்கான். எங்க ஊரு கொசுவுக்கு இருக்கிற தைரியம் இவனுக்கு இல்ல.”

“கேட்டுட்டுக் கடிக்கிறது மரியாதை பாவா,” என்றார் கௌரியம்மாள்.

“மரியாதையா? இன்கம் சர்டிபிகேட் வாங்கக்கூட நான் அவ்ளோ கெஞ்சினதில்லம்மா.”

அனுமதி கேட்கும் என் முப்பத்துநான்கு பக்கம் அங்கே முடிந்தது. அந்த ஒரே மதிப்புரை நாலு வரியில் தராததை இவர்கள் இரண்டே வாக்கியத்தில் தந்துவிட்டார்கள். இன்னொரு மூலையில் ஐந்தாம் பாகத்தை மட்டும் படித்திருந்த ஒரு மொட்டைத்தலைக்காரர், கதையில் காட்டேரியே கிடையாது, அது ரயில்வே தொழிற்சங்கத்தைப் பற்றிய நாவல் என்று உறுதியாகச் சொன்னார். அவரை யாரும் மறுக்கவில்லை. எழுதியவன் எதிரில் உட்கார்ந்திருந்தும் மறுக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“அதை வுடு,” என்றார் பங்காரு. “புக்கு வேலை செய்யுதா இல்லியா? எனக்கு இருநூத்தி நாப்பது இருந்தது, நூத்தி எழுபதுக்கு வந்துடிச்சு. மத்தியான மாத்திரையைப் பாதியா ஒடச்சிட்டேன். மீதியைப் புக்கு பாத்துக்கும்.”

நான் முதல் பாகத்தை மூடிவிட்டேன்.

ஒன்பதேகால் வாக்கில் கூட்டம் குறைந்தது. அனுசுயா டீயோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். யாராவது கேட்டு ரொம்ப நாளாயிற்று போலும்.

அவரும் பள்ளிப்பட்டுப் பக்கம்தான். அப்பா லாரியில் கிளீனர். பிளஸ் டூ முடித்ததும் திருவள்ளூரில் லேப் படிப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அந்தப் படிப்புக்குத்தான் ஹாஸ்டலில் இடம் இருந்தது. முதல் ஊசியைத் தன் இடது கையிலேயே குத்திப் பழகினார். கணவர் கந்தன் அம்பத்தூர் தொழிற்சாலையில் ஃபிட்டர்; அவர் முதல் ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் இவர் ஸ்கூட்டரில் வீடு வீடாக ரத்தம் எடுக்கக் கிளம்புவார். பதினெட்டு வருஷம். ஊரில் பாதிப் பேரின் முகம் இவருக்கு நினைவிருக்காது, கையைப் பார்த்தால் பெயரோடு சொல்வார். கோயில் வரிசையில் நிற்கும்போது சாமியை நினைக்காமல் முன்னால் நிற்கிறவரின் முழங்கை மடிப்பைப் பார்த்து, ‘இதுல ஒரே குத்து’ என்று நினைத்துக்கொள்வாராம். யாரையும் இரண்டாவது தடவை குத்தியதில்லை. அப்படிக் குத்த நேர்ந்தது மூன்று பேரைத்தான். அந்த மூன்று பேரின் பெயரையும், அன்றைக்கு என்ன கிழமை என்பதையும் சொன்னார்.

“இந்தப் புக்கு எப்படிம்மா இங்க வந்தது?”

“துண்டை உருட்டி வெச்சா கை வழுக்கிகினே இருந்தது சார். பழைய பேப்பர் கடையில போயி, ஒசரம் பாத்துப் புக்கு தேடினேன். டிக்‌ஷனரி ரொம்ப ஒசரம். சமையல் புக்கு பத்தல. இதுதான் அளவெடுத்தாப்ல இருந்தது. கட்டுக்கட்டா வேற கெடந்தது.”

கிடங்கில் இருந்த பிரதிகள் என்ன ஆயின என்று நான் கஜபதியிடம் கேட்டதே இல்லை. இனி கேட்கத் தேவையில்லை.

“அப்பால, ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்க முடியாம யாரோ ஒருத்தர் எடுத்துப் படிச்சார். அடுத்த மாசம் இன்னும் நாலு பேர் கேட்டாங்க. கடையில கெடந்த கட்டெல்லாம் அதுக்குள்ள மில்லுக்குப் போயிடிச்சு. ஒரே புக்கு, சண்டை வந்துடிச்சு. பிளேடால அஞ்சாக் கிழிச்சுத் தெச்சிட்டேன்.”

“நீங்க படிச்சீங்களா?”

“மூணாம் பாகத்தைத் தவிர்த்து. எனக்கு ஒரே ஒரு இது சார். கழுத்துல எதுக்குக் கடிக்கிறான்? முழங்கை மடிப்புல எவ்ளோ அழகான நரம்பு இருக்கு! எழுதினவருக்கு ரத்தத்தைப் பத்தி ஒண்ணும் தெரியல.” டீயை ஒரு வாய் குடித்தார். “ஆனா பாவம், அந்தக் காட்டேரி குத்துறதுக்கு முன்னாடி வலிக்குமான்னு கேக்குறான் பாருங்க, அது புடிச்சிருந்தது.”

இதற்குமேல் சும்மா இருந்தவன் மனிதனே இல்லை. நான் சும்மா இருந்தேன்.

பத்து மணிக்கு, “பிரகாஷ்!” என்று கூப்பிட்டார். யாரையோ என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் அது நான் என்பது நினைவுக்கு வந்தது.

மறுபடியும் அதே மேஜை. முழங்கைக்கு அடியில் மூன்றாம் பாகம். ரப்பர் பட்டையை இறுக்கினார். விரலால் நரம்பைத் தட்டினார்.

“அந்தக் கையில வேணாம் சார், இதுல நல்லா இருக்கு. நல்லா எடுத்துடறேன். திங்கக்கிழமை வந்தீங்கன்னா நான் டைப் அடிச்சிகினு இருப்பேன். புதுப் பொண்ணு, கொஞ்சம் வலிக்கும்.” சிரிக்கப் பார்த்தார். “டைப்பும் தெரியும் சார். இந்தக் கை சும்மா இருக்காதே, அதான்.”

ஊசியின் மூடியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்தபடி, பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“எட்டு மணிக்குத்தான சாப்ட்டீங்க?”

இந்த இடத்தில் என் மனசாட்சி விழித்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். எனக்கு விழித்தது வேறு. நேரம் தப்பு என்று சொல்லிவிட்டால் இந்த ரத்தம் செல்லாது. செல்லாத ரத்தத்தை யாரும் எடுக்கமாட்டார்கள். ஊசி முனை தோலுக்கு ஒரு விரல் தூரத்தில் இருக்கும்போது மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது!

“ஏழு இருபது!” என்று கத்தினேன். “எட்டு இல்லை, ஏழு இருபது! பங்காருவும் ஏழு இருபது! எல்லாரும் பொய் சொல்றாங்க. புக்கு படிக்கிறதுக்காக எல்லாரும் முக்கால் மணி நேரம் தள்ளிச் சொல்றாங்க!”

ஊசி நின்றது. மூடிக்குள் போனது. பட்டை அவிழ்ந்தது. அனுசுயா எழுந்து போய்க் காத்திருக்கும் அறையின் வாசலில் நின்றார்.

“நைனா. இன்னிக்கு எப்ப சாப்ட்டே?”

பங்காரு நாலாம் பாகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

“நைனா, உன்னைத்தான்.”

“எட்டுன்னு சொன்னனேம்மா.”

“டிபன் கடைக்காரரைக் கூப்ட்டுக் கேக்கட்டுமா?”

புத்தகம் மெதுவாக இறங்கியது. “ஏழரை இருக்கும்.”

“நைனா!”

“ஏழு இருபது. இந்தச் சென்னைக்காரன் சொல்லிட்டானா?” என்று என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னை அவர் நைனா என்று கூப்பிடவே இல்லை.

“நீங்கம்மா?” என்று அனுசுயா கௌரியம்மாளைக் கேட்டார்.

“ஒரு அரை மணி நேரம் முன்ன பின்ன இருக்கும். பஞ்சாமிர்தத்தைச் சேத்தா அது ஒரு கணக்கு, சேக்காட்டி ஒரு கணக்கு.”

அனுசுயா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மூணு மாசமா நான் தூங்கல நைனா. என் கைதான் போயிடுச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

பங்காரு தொண்டையைக் கனைத்தார். “புக்கு கொஞ்சம்தாம்மா. ஏசி கொஞ்சம். அப்பால, இவங்களோட பேசிகினு இருக்கலாம். வூட்ல யாரு நம்மகிட்ட காட்டேரியைப் பத்திப் பேசறாங்க?”

நாவலுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதுவே எனக்கு அதிகம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அனுசுயா கண்ணையனைக் கூப்பிட்டார். பங்காருவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஷோபனா டாக்டரிடம் போனார்கள். மாத்திரையை உடைத்ததற்காகப் பங்காரு வாங்கிய திட்டு தெருவரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அவருக்குத் திங்கட்கிழமை மறுபடியும் டெஸ்ட், அனுசுயாவின் கண் எதிரில் சாப்பிட்டுவிட்டு. திரும்பி வந்த கண்ணையன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “டைப் அடிக்கிற பொண்ணை வேற பாத்துக்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இந்த நேரத்தில் நான் யார் என்பதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன். யாரும் நம்பவில்லை. கௌரியம்மாள் ஐந்தாம் பாகத்தை வாங்கி, பின்னட்டையில் இருந்த படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய படம். முடி இருந்த காலம்.

“இது உங்க தம்பியா?” என்றார்.

அனுசுயா மட்டும் நம்பினார். என் கையைத் திருப்பி, முழங்கை மடிப்பைப் பார்த்தார். “ஊசியைப் பாத்து அந்த மாதிரி கத்தினீங்க பாருங்க. ரத்தத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதவருன்னு அப்பவே நெனச்சேன்.”

சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாவில் ஒன்றை அவர்தான் வாங்கிக்கொண்டார். கையெழுத்துக்காக அல்ல. அன்றிலிருந்து அங்கே ஒரு புது ஏற்பாடு: டிபனை லேபுக்கே கொண்டுவந்து அனுசுயா எதிரில் சாப்பிட வேண்டும், முதல் வாய் வைத்த நேரத்தை அந்தப் பேனாவால் சாப்பிட்டவரின் மணிக்கட்டில் எழுதிவிடுவார். புத்தகம் வேண்டுமானால் ரத்தம் கொடுத்த பிறகும் உட்கார்ந்து படிக்கலாம். ‘ரத்தம் குடுத்தாப் போயிடணும்’ என்ற பழைய ரூலைப் போட்டது அவர்தான். அதை அவரே எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை போன் செய்தார். பங்காருவுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, “இதுதான் சரி,” என்றாராம். ஒரு மனிதருக்கு எழுபதுக்கு மேல் சர்க்கரை ஏறியதைச் சொல்லும்போது ஒரு பெண்ணின் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பங்காரு மாத்திரையை முழுசாகப் போடுகிறாராம். நாலாம் பாகத்தை முடித்துவிட்டாராம். “முடிவு சரியில்லன்னு சொல்லச் சொன்னார் சார்.”

“அது முடிவே இல்லை. இன்னும் ஒரு பாகம் இருக்கு.”

“சொன்னேன். இதுவே போதும்ன்றார்.”

கஜபதி சிவப்பு எழுத்தை எடுத்துவிட்டார். இரண்டாம் பதிப்பையும் எடுத்துவிட்டார். அவரிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. அறுபத்தொரு பிரதி விற்ற புத்தகத்தில் ஒரு பிரதி பதினெட்டு வருஷ அனுபவமுள்ள கையின் கீழ் தினமும் உழைக்கிறது. என் மற்ற நூல்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

என் ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. பெயர்: பிரகாஷ். வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு. அதற்குக் கீழே ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று போட்டு, எதிரே ஒரு சின்னக் கோடு. அன்றைக்கு நேரம் தப்பு என்று எடுக்காமல் விட்ட ரத்தம். இன்னொரு நாள் வந்து கொடுக்கிறேன் என்று ரயிலுக்கு ஓடும்போது சொல்லிவிட்டு வந்தேன். நாலு மாதம் ஆகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் வாட்ஸாப்பில் ஒரு செய்தி வருகிறது: ‘சார், உங்க ரெண்டு மில்லி பாக்கி இருக்கு. வலிக்காது.’

ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் என்று பதில் போடுகிறேன். இன்றைக்கும் போட்டுவிட்டேன்.